ஜன்னலோரத்தில் ஒரு ‘ஒண்ணுமில்லை’!

விழுப்புரம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். நட்டநடு ராத்திரியில் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, ‘வண்டி பத்து நிமிஷம் நிக்கும்!’ என்று தகரத்தைத் தட்டும் பையன். ஆறிப்போன தோசை. அதற்கு ஏரோப்ளேன் விலை. தோசை சாப்பிடாதவர்களுக்கு, ‘அப்பாடா, விழுப்புரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்ச நேரம்தான் மெட்ராஸ்’ என்கிற நிம்மதி. திண்டிவனத்துக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. தூங்கிக்கொண்டே தாண்டிவிடுவீர்கள்.

நான் அப்படித் தாண்ட முடியாது. திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் ஆபீஸ். நடுவே சுமார் 37 கிலோமீட்டர் ரயில் பாதை. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், அப்புறம் விழுப்புரம் ஜங்ஷன். 1993-ல் தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரத்தை மாவட்டத் தலைநகர் ஆக்கினாலும் ஆக்கினார்கள், எங்களைப் போன்ற டிபன் பாக்ஸ் கோஷ்டிக்கு சீசன் டிக்கெட்தான் ஜாதகம்.

மார்கழியில் இந்தப் பாதையைப் பார்த்திருக்கிறீர்களா? திண்டிவனம் தாண்டியதும் வேர்க்கடலைக் கொல்லைகள். (டி.எம்.வி. என்று ஒரு வேர்க்கடலை ரகத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ‘டி.எம்.வி.’ வேறு யாருமில்லை, எங்க திண்டிவனம்தான்! இங்கிருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் உபயம்.) அப்புறம் சவுக்குத் தோப்பு, கரும்பு, நெல், ஏரி, ஏரிக்கரையில் பனை. பனி இறங்கியிருக்கும் காலையில் இதெல்லாம் தனித்தனியாகத் தெரியாது. பச்சை என்ன, மண் நிறம் என்ன, எல்லாமே சாம்பலில் முக்கி எடுத்த மாதிரி ஒரே நிறம். பனைமரத்துக்குத் தலை மட்டும் இருக்கும், உடம்பு இருக்காது. ஏரித் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியாது. நடுவில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. அதுவும் நிஜமா, குச்சியா என்று சந்தேகம். முண்டியம்பாக்கம் நெருங்கினால் சர்க்கரை ஆலையின் வெல்லப்பாகு வாசனை வரும். அப்போதுதான் சுயநினைவு திரும்பி, ‘ஐயையோ, பென்டிங் ஃபைல்!’ என்று ஞாபகம் வரும்.

எதிர் சீட்டில் தினமும் வரும் பெரியவர் ஒருவர், ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாசம் பாக்கி. ஒருநாள் என்னையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அப்படி என்னத்தத் தம்பி பாக்குறீங்க? ஒண்ணுமில்லையே அங்க!”

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் ஒரு மாசம் கழித்து வாஷிங்டனிலிருந்து வந்தது. அங்கே வேலை பார்க்கும் என் சித்தி பையன் ஒரு மியூஸியத்துக்குப் போனவன், ஒரு ஓவியத்தை போட்டோ பிடித்து செல்லுக்கு அனுப்பியிருந்தான். ‘அண்ணே, நீங்க தினம் புலம்புற ரூட்டு மாதிரியே இருக்கு பாருங்க!’

பார்த்தேன். ஒரு பள்ளத்தாக்கு. தூரத்தில் பனி மூட்டத்தில் ஒரு ஊர். புகை விட்டபடி வளைந்து வரும் ரயில். முன்னால் ஒரு பையன் புல்லில் சாய்ந்துகொண்டு அதைப் பார்க்கிறான். அவனைச் சுற்றி வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள். ‘லாக்கவன்னா பள்ளத்தாக்கு’ என்று பெயர். வரைந்தவர் ஜார்ஜ் இன்னெஸ், 1855 வாக்கில்.

இதை வரையச் சொன்னதே ஒரு ரயில்வே கம்பெனிதான், ஸார்! விளம்பரத்துக்கு. கூலி 75 டாலர். கம்பெனிக்காரர்கள் தங்கள் எஞ்சின், கொட்டகை, இன்னபிற சொத்து சுகமெல்லாம் படத்தில் பளிச்சென்று தெரியணும் என்றார்களாம். இன்னெஸுக்கு மனசே இல்லை. ஆனால் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே! வரைந்தார். பல வருஷம் கழித்து மெக்ஸிகோ நகரில் ஒரு பழைய சாமான் கடையில் அவர் கண்ணிலேயே இந்தப் படம் பட்டது. ஏதோ ஆபீஸ் தட்டுமுட்டுச் சாமான்களோடு சாமானாக வந்து சேர்ந்ததாம். அடிமாட்டு விலைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டார். கம்பெனி விளம்பரமாகப் பிறந்த படம் இன்றைக்கு வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இந்த இன்னெஸ்தான் பிற்பாடு ஒரு கோஷ்டிக்கே வழிகாட்டி ஆனார். அந்தப் போக்குக்கு ‘டோனலிசம்’ என்று பேர். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். கதை சுவாரஸ்யமானது.

அதற்கு முன்னால் அமெரிக்காவில் நிலக்காட்சி என்றாலே பிரமாண்டம்தான். அருவி என்றால் நயாகரா, மலை என்றால் ஆண்டிஸ். ஹட்சன் நதி ஓவியர்கள் என்று அந்தப் பரம்பரைக்குப் பெயர். ஃப்ரெடரிக் சர்ச் என்பவர் ஆண்டிஸ் மலையை ஒரு சுவர் அகலத்துக்கு வரைந்து 1859-ல் நியூயார்க்கில் வைத்தார். நுழைவுக் கட்டணம் 25 சென்ட். மூன்றே வாரத்தில் 12,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். நாடகம் பார்க்கும் பைனாகுலரை எடுத்து வந்து இலை இலையாக ஆராய்ந்தார்கள்! கிட்டத்தட்ட டூரிங் டாக்கீஸ் கூட்டம்.

1861-ல் உள்நாட்டு யுத்தம் வந்தது. நாலு வருஷம். ஆறு லட்சத்துக்கும் மேல் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் புகைபோக்கி, தொழிற்சாலை, ரயில், பணம் என்று நாடு ஓட ஆரம்பித்தது. ‘பார், எவ்வளவு பெரிய மலை!’ என்று வாய் பிளக்கிற மனநிலை ஜனங்களுக்கு மெள்ளப் போய்விட்டது. 1880 வாக்கில் ஓவியர்கள் சிலர் ஊருக்குப் பின்னால் இருக்கிற சாதாரண வயல், வேலி, குட்டை, நாலு மரம் இவற்றை வரைய ஆரம்பித்தார்கள். அதுவும் பட்டப்பகலில் இல்லை. விடியற்காலம், சாயங்காலம், பனி, நிலா. அதாவது, நம்ம பெரியவர் சொன்ன ‘ஒண்ணுமில்லை’யை!

எப்படி வரைந்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கச்சேரிக்கு முன்னால் தம்புராவில் சுருதி சேர்க்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒரு படத்துக்கு ஒரே சுருதி. சாம்பலோ, பழுப்போ, மங்கின பச்சையோ, ஒரு நிறத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு மற்ற நிறமெல்லாம் அதற்கு அடங்கித்தான் பேசணும். இதற்காக மெல்லிய, கண்ணாடி மாதிரியான வண்ணப் பூச்சை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். எந்தப் பொருளுக்கும் ஓரம் தீர்க்கமாக இருக்காது. நிறையப் பேர் இடத்தில் உட்கார்ந்து வரையவும் இல்லை. போய்ப் பார்த்து மனசில் ஊறவிட்டு, வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து வரைந்தார்கள். மனசில் தங்காதது படத்துக்கும் தேவையில்லை என்கிற கணக்கு. ஓவியம் பாடம் நடத்த வேண்டியதில்லை, ஒரு உணர்ச்சியைத் தட்டி எழுப்பினால் போதும் என்பது இன்னெஸின் கட்சி. 1893-ல் அவர் வரைந்த ‘நாரையின் வீடு’ என்கிற ஃப்ளோரிடா சதுப்பு நிலத்தைப் பார்த்தால் சத்தியமாக விக்கிரவாண்டி ஏரி என்பீர்கள். அதே மசமசப்பு, அதே ஒற்றைப் பறவை!

இந்தக் கோஷ்டிக்குச் சொந்தம் கொண்டாடக்கூடிய இன்னொரு ஆசாமி விஸ்லர். பிறப்பு அமெரிக்கா, வாசம் லண்டன். படங்களுக்கு ‘நாக்டர்ன்’, ‘சிம்ஃபனி’ என்று சங்கீதப் பெயராக வைப்பார். ராத்திரி வாண வேடிக்கையை இருட்டும் நாலு பொட்டுமாக வரைந்து 200 கினி விலை சொன்னார். ரஸ்கின் என்கிற பெரிய விமரிசகர், இது ஜனங்கள் மூஞ்சியில் வண்ணத்தை வீசியடிக்கிற வேலை என்கிற ரீதியில் எழுதிவிட்டார். போட்டார் விஸ்லர் கேஸ்! 1878-ல் தீர்ப்பு. விஸ்லர் ஜெயித்தார். நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு ஃபார்த்திங். ஒரு பென்னியில் கால் பாகம்! கோர்ட் செலவு அவர் தலையில். அடுத்த வருஷமே மஞ்சக் கடுதாசி.

எனக்குப் பிடித்தது ஓல்டு லைம் சமாசாரம். 1899-ல் ஹென்றி வார்டு ரேஞ்சர் என்கிற டோனலிச ஓவியர், கனெக்டிகட் மாநிலத்தில் அந்தச் சின்ன ஊருக்கு வந்தார். ஃப்ளாரன்ஸ் கிரிஸ்வோல்டு என்கிற அம்மணி நடத்திய விடுதியில் தங்கினார். பின்னாலேயே ஒரு பட்டாளம் வந்தது. நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். என்ன வித்தியாசம் என்றால், நம் மேன்ஷன் கதவில் மெஸ் பாக்கிக் கணக்கும் யார் யாருடையவோ போன் நம்பரும் இருக்கும். அவர்கள் கதவிலும் சாப்பாட்டு ரூம் பலகையிலும் ஓவியம் வரைந்து வைத்தார்கள். அந்த வீடு இப்போது மியூஸியம்!

1903-ல் சைல்டு ஹாஸம் என்பவர் அங்கே வந்து சேர்ந்ததும் பளிச் பளிச்சென்ற இம்ப்ரெஷனிச வர்ணம் நுழைந்தது. 1913-ல் நியூயார்க்கில் ‘ஆர்மரி ஷோ’ என்று ஐரோப்பாவின் புத்தம்புது ஓவியங்களைக் கொட்டி ஒரு கண்காட்சி. அவ்வளவுதான், பனி மூட்டக்காரர்கள் பழம்பஞ்சாங்கம் ஆகிவிட்டார்கள். படங்கள் பரணுக்குப் போயின. 1972-ல் வாண்டா கார்ன் என்கிற பெண்மணி சான்ஃப்ரான்சிஸ்கோவில் கண்காட்சி வைத்த பிறகுதான் ‘அடடா, இப்படி ஒன்று இருந்ததில்லையா!’ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். எங்கள் விழுப்புரம் ஜில்லா ஒன்றும் ஓவியத்துக்குப் புதுசில்லை. திருக்கோவிலூர் ரோட்டில் கீழ்வாலை என்ற ஊர். பாறையில் செங்காவியில் மனிதர்களும் மிருகங்களும். எழுத்துக்கு முந்தின காலத்து வேலை. செஞ்சி ரோட்டில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் கட்டினேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமை அடித்துக்கொண்ட குகை. அவருக்கு ‘சித்திரகாரப்புலி’ என்றே ஒரு பட்டம் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பரின் பைக்கில் பனமலை போனோம். ஏரியை ஒட்டிய சின்னக் குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில். ஒரு சின்னச் சந்நிதியின் சுவரில், தலைக்கு மேல் குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் பார்வதி. பக்கத்தில் சிவனுடைய ஆட்டம் அழிந்துபோய் ஜாடை மட்டும் மிச்சம். ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆகியும் அந்த அம்மாளின் முகத்தில் இருக்கும் நளினம் போகவில்லை. சொக்கிப்போனேன். ஆனால் வெளியே வந்து குன்றின் மேலிருந்து ஏரியைப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. பார்வதியை வரைந்த அந்த மகா ஓவியனும் வேலை முடிந்து இங்கேதானே நின்று காற்று வாங்கியிருப்பான்? இந்த ஏரியை, இந்தச் சாயங்காலத்தை ஏன் வரையவில்லை?

அவனைச் சொல்லி என்ன! ராஜா காசு கொடுத்தது சாமிக்கு. நம் ஊரில் நிலத்தை வரைகிற வேலையை ஓவியன் எடுத்துக்கொள்ளவில்லை, கவிஞன் எடுத்துக்கொண்டான். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுது, ஒரு மன நிலை. முல்லைக்கு மாலை நேரம், காத்திருத்தல். மருதத்துக்கு விடியற்காலை, ஊடல். நிலம், வெளிச்சம், மனசு மூன்றையும் ஒரே முடிச்சில் போட்டால் அதுதானே டோனலிசம்? ‘நாங்க அப்பவே...’ என்று நான் மைக் பிடிக்கப் போவதில்லை. வயலும் விடியலும் சேர்ந்தால் ஊடல் என்று சொன்னவனுக்கு மட்டும் ஒரு கும்பிடு. டிபன் பாக்ஸை ‘ணங்’கென்று வைத்த வீட்டம்மாவிடம் பேசாமல் கிளம்பி ஆறே முக்கால் வண்டியைப் பிடித்த எவனுக்கும் அது புரியும்.

சென்னையில் ஓவியப் பள்ளி 1850-லேயே வந்துவிட்டது. அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஆரம்பித்தது. அதிலே முதல்வராக இருந்தவர்தான் மெரீனாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி. அவரிடம் படித்த கே.சி.எஸ். பணிக்கரின் கதையை ஆபீஸ் பையன்கள் அவசியம் கேட்கணும். 1911-ல் கோயமுத்தூரில் பிறந்தவர். தகப்பனார் காலமானதும் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். அதற்கு முன்பே பதின்வயதில் நிலக்காட்சிகளை வாட்டர்கலரில் வரைந்து சென்னைக் கண்காட்சியில் வைத்தவர் அவர். குடும்பத்துக்காகச் சம்பாதித்துவிட்டு 1936-ல், இருபத்தைந்து வயசில், ஓவியப் பள்ளியில் மாணவனாகச் சேர்ந்தார்! பின்னால் அதற்கே முதல்வர் ஆனார். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கம், 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமம் எல்லாம் அவர் முன்னால் நின்று செய்தவை.

ஆனால் பாருங்கள், காயலும் தென்னையுமாகத் தொடங்கிய பணிக்கர் 1963 வாக்கில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று எழுத்து, கட்டம், சக்கரம் பக்கம் போய்விட்டார். அதற்கு அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. வெள்ளைக்காரனைப் பார்த்து வரைகிறாய் என்ற பேச்சுக்கு நம்முடைய பாணியில் ஒரு பதில் சொல்லணும் என்ற வைராக்கியம். மெட்ராஸ் கோஷ்டி மொத்தமும் கோட்டிலும் குறியீட்டிலும் கொடி நாட்டியது. மறுக்கவில்லை. நடுவில் வயக்காடு அநாதையாகிவிட்டது என்பது என் தனிப்பட்ட வருத்தம். பத்திரிகைப் பக்கமும் அப்படித்தான். சில்பி கோபுரங்களைக் கல் கல்லாக வரைந்தார், கோபுலு மனுஷர்களை வரைந்தார். ஏரியும் பனையும் கதாநாயகிக்குப் பின்னால் நின்று கூலி இல்லாமல் வேலை பார்த்தன.

இதையெல்லாம் ஒருநாள் ரயிலில் பெரியவரிடம் அளந்துகொண்டிருந்தேன். செல்லில் இன்னெஸ் படத்தையும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அந்த அடிக்கட்டைகளைத்தான் பார்த்திருக்கிறார் என்று அப்புறம் புரிந்தது.

“எங்க ஊர்ல ஒரு கரடு இருந்துச்சு தம்பி. சின்ன வயசுல அதுமேலதான் ஆடு மேய்ப்போம். உச்சியில ஏறி நின்னா மயிலம் கோயில் தெரியும்.”

“இப்ப?”

“இப்ப ஏது? ஜல்லி ஆயிடுச்சு. கரடு இருந்த எடத்துல பெரிய பள்ளம். பச்சையா தண்ணி நிக்குது. நாம போற ரோட்டுலகூட அது கெடக்கும், யாரு கண்டா?”

எங்கள் ஜில்லாவில் இது புதுக் கதை இல்லை. திருவக்கரையில் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய மரம் கல்லாகிக் கிடக்கிறது என்று வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். அதே வட்டாரத்தில்தான் கல்குவாரிகளும். லாரி லாரியாக ப்ளூ மெட்டல் போகிறது. வீடு வேண்டும், ரோடு வேண்டும், கல் உடைக்காமல் முடியாதுதான். அந்த ஜல்லியில் கட்டின வீட்டில்தான் நானும் இருக்கிறேன்.

“அந்தக் கரட்டுக்கு போட்டோ ஏதாவது இருக்கா ஸார்?”

பெரியவர் சிரித்தார். “போட்டோவா! என் கல்யாணத்துக்கு எடுத்த ஒரே போட்டோதான் தம்பி நம்மகிட்ட. திண்டிவனத்துல ஸ்டுடியோவுல எடுத்தது. பின்னாடி சீனரி போட்டிருப்பான் பாருங்க... பனி மலை, அருவி, ஒரு ஓட்டு வீடு, அன்னப்பட்சி. சுவிட்சர்லாந்தாம்!”

பெட்டியே சிரித்தது. நானும்தான். ஆனால் விக்கிரவாண்டி தாண்டியும் அது மனசை விட்டுப் போகவில்லை. நம் அப்பா, அம்மா தலைமுறைக்குச் சொந்தமாக இருந்த ஒரே நிலக்காட்சி ஓவியம் அந்த ஸ்டுடியோ திரைச்சீலைதான். அதை வரைந்த ஆர்ட்டிஸ்ட்டும் இதே ஜில்லாக்காரராகத்தான் இருந்திருப்பார். தினம் சைக்கிளில் ஏரிக்கரை மேல் வந்து, கதவைத் திறந்து, பார்த்தே இராத ஆல்ப்ஸ் மலைக்கு வெள்ளை அடித்திருப்பார். ஏரியைப் போட்டிருந்தால் எந்தக் கல்யாண ஜோடி காசு கொடுத்திருக்கும்? ‘தினம் பாக்கறதுதானே’ என்றிருப்பார்கள். இன்னெஸுக்கும் அந்த ரயில்வே கம்பெனி கிராக்கி அப்படித்தான் சொல்லியிருக்கும். ஆனால் அவர் அந்த அடிக்கட்டைகளை விடாமல் போட்டுவைத்தார். அதனால் லாக்கவன்னாவில் மரம் இருந்ததற்கும், வெட்டியதற்கும் சாட்சி இருக்கிறது. பெரியவரின் கரட்டுக்கு அவர் ஞாபகம் மட்டும்தான் சாட்சி. அவருக்கோ எட்டு மாசத்தில் சீசன் டிக்கெட் முடிகிறது.

மறுநாள் ஒரு அன்ரூல்டு நோட்டும் பென்சிலும் வாங்கி அவரிடம் நீட்டினேன். “கரடு எப்படி இருக்கும்னு ஒரு கோடு போட்டுக் காட்டுங்க ஸார்.”

“எனக்கு எங்க தம்பி வரையத் தெரியும்? ஆபீஸ் ஸ்கெட்சுல எஃப்.எம்.பி. படம் பாக்கத்தான் தெரியும்” என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். மயிலத்திலிருந்து பேரணி வரை குனிந்தே இருந்தார். ரயில் ஆட்டத்தில் கோடு கோணலாகத்தான் வந்தது. யானை படுத்த மாதிரி ஒரு முதுகு, நடுவில் ஒரு பிளவு, கீழே நாலு பனை. “இங்க ஒரு சுனை உண்டு” என்று ஒரு புள்ளி வைத்தார். அப்புறம் அதை அழித்துவிட்டு, “இல்ல, இன்னும் கொஞ்சம் கீழ” என்று தள்ளி வைத்தார்.

நீங்களும் வர நினைத்தால் டிசம்பர், ஜனவரியில் வாருங்கள். விழுப்புரம் போகும் வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்தால் பனிக்குள்ளிருந்து சூரியன் வரும். இன்னெஸ் படம் பார்க்க அதுதான் சீட். வலது பக்கம் மேற்கே பார்த்து உட்கார்ந்தால், வெளிச்சம் முகத்தில் விழுந்த குன்றுகள். எது வேண்டுமானாலும் ஏழரைக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் வெயில் ஏறிப் பனி கலைந்து, எல்லாம் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.